தந்தவர் பெயர் இருக்கிறது, பொறுப்பாளர் பெயர் இல்லை

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில் எந்தப் பாடசாலைக்குள் நுழைந்தாலும், எந்தக் கமநல சேவை நிலையத்தின் முற்றத்தில் நின்றாலும், அங்குள்ள பொருட்கள் தாங்கள் எங்கிருந்து வந்தவை என்று தாங்களே சொல்லும். அலுமாரிக் கதவில் ஒரு வெளிநாட்டுக் கொடி. கணினித் திரையின் ஓரத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தின் சின்னம். தண்ணீர்த் தாங்கியில் கனடாவிலோ சுவிசிலோ இருக்கும் பழைய மாணவர் சங்கத்தின் பெயர். கீழே ‘அன்பளிப்பு’ என்ற சொல்லும் ஓர் ஆண்டும்.

அதே கணினி இப்போது யாருடைய பொறுப்பில் இருக்கிறது, கடைசியாக எப்போது திருத்தப்பட்டது, திருத்தியவர் யார், உத்தரவாதக் காலம் எப்போது முடிந்தது என்று கேட்டால் அதன் மேல் பதில் இருக்காது. அலுவலகத்தில் ஒரு பதிவேடு இருக்கும். அதில் ‘கணினி – 12’ என்று ஒரு வரி இருக்கும். அந்தப் பன்னிரண்டில் இது எது என்று அந்த வரியை எழுதியவராலும் சொல்ல முடியாது. வன்னியின் பொது நிறுவனங்களுக்கு இன்று தேவைப்படும் சீர்திருத்தங்களில் மிக மலிவானது இந்த இடைவெளியை அடைப்பதுதான். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு தனி எண், அந்த எண்ணைச் சுமக்கும் ஒரு பார்கோட், அதை ஸ்கான் செய்தால் திறக்கும் ஒரு சிறு வரலாறு. இவ்வளவும் போதும்.

வேறு மாவட்டங்களில் இது வசதிக்காகச் செய்யும் காரியமாக இருக்கலாம். வன்னியில் அதற்கு ஒரு பின்னணி இருக்கிறது. 2008இன் இறுதி மாதங்களில் போரால் கிளிநொச்சி வெறுமையானபோது மக்களோடு சேர்ந்து வைத்தியசாலையும் இடம்பெயர்ந்தது. ஏற்றக்கூடிய கருவிகளை ஏற்றிக்கொண்டு தர்மபுரத்துக்குப் போனார்கள். 2009 பெப்ரவரியின் தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை ஷெல் வீச்சுக்கு இலக்காகி, அங்கிருந்தவர்கள் புதுமாத்தளனுக்குப் பெயர்ந்தார்கள். பிறகு முள்ளிவாய்க்கால். ஒவ்வொரு பெயர்விலும் எதையாவது விட்டுவிட்டே போக வேண்டியிருந்தது. பாடசாலைகளும் கூட்டுறவுச் சங்கங்களும் பிரதேச செயலகங்களும் அதே வழியில் தங்கள் உடைமைகளை உதிர்த்துக்கொண்டு நடந்தன. அந்த ஆண்டு மே மாதத்துக்குப் பிறகு கருவிகளும் இல்லை, அவற்றின் கணக்குப் புத்தகங்களும் இல்லை.

மீள்குடியேற்றம் தொடங்கியதும் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து குவிந்தன. அமைச்சிலிருந்து ஒன்று, மாகாணத் திணைக்களத்திலிருந்து ஒன்று, ஐ.நா. நிறுவனங்களிடமிருந்து ஒன்று, கோவில் நிர்வாகத்திடமிருந்து ஒன்று, லண்டன் உறவுகள் சேர்ந்து அனுப்பிய ஒன்று என ஒரே அறையில் ஐந்து வழியாக வந்த பொருட்கள் நின்றன. இந்திய அரசு மட்டும் வடக்கு விவசாயிகளுக்காக 500 உழவு இயந்திரங்களையும், மீளக்குடியேறிய குடும்பங்களுக்கு 10,000 துவிச்சக்கரவண்டிகளையும் தந்தது. அன்று அவற்றைக் கையளித்த நிகழ்வுகளின் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. அந்த 500 உழவு இயந்திரங்களில் இன்று எத்தனை ஓடுகின்றன, எத்தனை கொட்டிலில் நிற்கின்றன, எவற்றின் உதிரிப்பாகங்கள் எந்த இயந்திரத்துக்குப் போயின? பொதுப் பணத்தாலும் அயலவரின் அன்பாலும் வந்த ஒரு பொருளைப் பற்றிய இந்தக் கேள்விக்கு ஒரு நிமிடத்தில் பதில் கிடைக்க வேண்டும்.

இப்போது அந்த முதல் தலைமுறைக் கருவிகளுக்கெல்லாம் பதினைந்து வயது ஆகிவிட்டது. மின்பிறப்பாக்கிகள் புகைக்கின்றன, குளிர்சாதனப் பெட்டிகள் திணறுகின்றன, பாடசாலை ஆய்வுகூட நுணுக்குக்காட்டிகளில் வில்லைகள் பூஞ்சணம் பிடித்துவிட்டன. எதைத் திருத்துவது, எதைக் கழிப்பது, எதற்குப் புதிதாகப் பணம் கேட்பது என்ற முடிவுகளை எடுக்க வேண்டிய காலம் இது. தகவல் இல்லாமல் அந்த முடிவுகளை எடுத்தால், சத்தமாகக் கேட்கிற நிறுவனத்துக்குப் புதியது கிடைக்கும். துணுக்காயிலும் ஒட்டுசுட்டானிலும் வவுனியா வடக்கிலும் இருக்கிற சிறிய நிலையங்கள் பழையதோடு காலம் தள்ளும்.

விதிகள் இல்லாமல் இல்லை. இலங்கை அரசாங்கத்தின் நிதிப் பிரமாணங்களில் 756ஆம் பிரமாணம் ஒவ்வோர் அரச நிறுவனமும் ஆண்டுதோறும் தன் பொருட்களை நேரில் எண்ணிச் சரிபார்க்க வேண்டும் என்கிறது. அலுவலகங்களில் எல்லோரும் ‘போர்ட் ஒஃப் சேர்வே’ என்று சொல்வது இதைத்தான். வேறொரு நிறுவனத்திலிருந்து நியமிக்கப்பட்ட உத்தியோகத்தர்கள் வருவார்கள். பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாகப் போவார்கள். கதிரையின் முதுகில் வெள்ளைப் பெயின்ற்றால் எழுதிய எண்ணைத் தேடுவார்கள். பாதி எண்கள் அழிந்திருக்கும். பதிவேட்டில் நாற்பது கதிரை, அறையில் நாற்பது கதிரை என்றால் சரி என்று குறித்துவிட்டு அடுத்த அறைக்குப் போவார்கள்.

எண்ணிக்கை சரியாக இருந்தால் கணக்கு சரி என்று கொள்கிற இந்த முறையில்தான் முதல் பிழை இருக்கிறது. நாற்பது நல்ல கதிரைகள் போய் நாற்பது உடைந்த கதிரைகள் வந்திருந்தாலும் இந்தக் கணக்கு சரியாகத்தான் வரும். கதிரைக்கு அது பெரிய விஷயம் இல்லை. பிரசவ அறையில் குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்க்கும் இயந்திரத்துக்கு அது உயிர்ப் பிரச்சினை. ‘இயந்திரம் – 3’ என்று பதிவேடு சொல்லும்போது, மூன்றில் ஒன்று மட்டுமே வேலை செய்கிறது என்ற உண்மை விடுதித் தாதியின் மனதில் மட்டும் இருக்கும். அவருக்கு இடமாற்றம் கிடைத்தால் அந்த அறிவும் அவரோடு பஸ் ஏறிவிடும். தெற்கிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்து சில ஆண்டுகள் கடமையாற்றிவிட்டுத் திரும்புவோர் நிறைந்த வன்னியில் இந்த இழப்பு அடிக்கடி நடப்பது.

இரண்டாவது பிழை பயத்திலிருந்து வருகிறது. அரச பொருளொன்று தொலைந்தாலோ சேதமடைந்தாலோ நிதிப் பிரமாணம் 104இன் கீழ் விசாரணை நடத்த வேண்டும். பொறுப்பானவர் என்று கண்டால் அவரிடமிருந்து அறவிடலாம். விதி நியாயமானதுதான். ஆனால் சம்பளத்திலிருந்து வெட்டு விழுமோ என்று அஞ்சுகிற களஞ்சியப் பொறுப்பாளர், பழுதான பொருளைப் பழுது என்று எழுதத் தயங்குகிறார். எழுதாத பொருளைத் திருத்தவும் முடியாது, கழிக்கவும் முடியாது. அது கட்டடத்தின் பின்புறம் போய்ப் பூவரச மரத்தின் கீழ் மழையில் நனைகிறது. வன்னியில் எத்தனை அரச வளாகங்களின் பின்புறம் இப்படிக் கிடக்கிறது என்பதை அங்கே போய்வரும் எவரும் அறிவார்.

2017இல் கொம்ப்ட்ரோலர் ஜெனரல் அலுவலகம் வெளியிட்ட சொத்து முகாமைத்துவச் சுற்றறிக்கை, காணி, கட்டடம், வாகனம், இயந்திரம் ஆகியவற்றை அரச நிறுவனங்கள் முறையாகக் கணக்கில் கொண்டுவர வேண்டும் என்று பணித்தது. நல்ல தொடக்கம். ஆனால் கொழும்பில் திரளும் கணக்கில் ஒரு பொருளின் பெறுமதி ரூபாயில் தெரியும். அது வேலை செய்கிறதா என்பது அந்தப் பொருள் நிற்கும் இடத்தில்தான் தெரியும். அந்த இடத்தையும் அந்தக் கணக்கையும் இணைக்க ஒரு கொக்கி வேண்டும்.

அந்தக் கொக்கிதான் பார்கோட். அமெரிக்காவில் ஜோசப் வூட்லண்டும் பேர்னார்ட் சில்வரும் 1949இல் விண்ணப்பித்து 1952இல் காப்புரிமை பெற்ற கருத்து அது. மோர்ஸ் தந்திக் குறியீட்டின் புள்ளியையும் கோட்டையும் வூட்லண்ட் கடற்கரை மணலில் விரலால் கீழ்நோக்கி இழுத்தபோது பட்டைகள் பிறந்தன. கடையில் அது முதலில் ஸ்கான் செய்யப்பட்டது 1974 ஜூன் 26. ஒகையோ மாநிலத்தின் ட்ரோய் நகரில், ஒரு சூயிங்கம் பெட்டி. இன்று இலங்கையில் பதிவான பண்டங்களின் பார்கோட் 479 என்று தொடங்குவதைப் பலர் கவனித்திருப்பார்கள். சதுரமான கியூ.ஆர். குறியீடு கடைக்காகப் பிறக்கவில்லை. 1994இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் மசஹிரோ ஹராவின் குழு வாகன உதிரிப்பாகங்களை வேலைத்தலத்தில் பின்தொடர்வதற்காக அதை உருவாக்கியது. ஆகவே வேலைத்தலக் கருவிகளுக்கு அதை ஒட்டுவது, அது பிறந்த வேலையை அதனிடம் திருப்பிக் கொடுப்பதுதான்.

வன்னிக்கு அடையாளக் குறி புதிதும் இல்லை. குளக்கட்டோரம் பட்டி மாடு வளர்த்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக மாட்டுக்குக் குறி சுட்டிருக்கின்றன. காட்டில் மேய்ந்து வேறு பட்டியோடு கலந்த மாட்டை அந்தக் குறியை வைத்துத்தான் பிரித்தெடுத்தார்கள், விற்கும்போது உரிமையை அதை வைத்துத்தான் நிறுவினார்கள். பார்கோட் அதையே செய்கிறது, இன்னும் கொஞ்சம் கூடுதலாக. அந்த மாட்டுக்கு எப்போது ஊசி போடப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லும் குறி அது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக்க வேண்டும். பார்கோட்டுக்குள் பொருளின் கதை இருப்பதில்லை. ஓர் எண் மட்டும்தான் இருக்கிறது. கதை இன்னோர் இடத்தில், ஒரு கணினிப் பட்டியலில் இருக்கும். எண்ணைக் கையால் எழுதும்போது 3ஐ 8 என்று வாசிக்கிறார்கள், ஓர் இலக்கம் விடுபடுகிறது. ஸ்கான் செய்யும்போது அந்தப் பிழை அநேகமாக இல்லாமல் போகிறது. அதனால்தான் ஒருநாள் எண்ணும் வேலை அரை நாளில் முடிகிறது. ஆனால் பட்டியலை யாரும் புதுப்பிக்காவிட்டால் குறியீடு வெறும் அலங்காரம்.

இதை ஒரு நாடு முழுவதும் செய்துபார்த்த அனுபவம் அயலில் இருக்கிறது. இந்தியாவின் தேசிய சுகாதார இயக்கம் அரச வைத்தியசாலைகளின் உயிர்மருத்துவக் கருவிகளைப் பராமரிக்கும் திட்டமொன்றை 2015 அளவில் தொடங்கியது. முதலில் அவர்கள் செய்த வேலை எண்ணிப்பார்த்ததுதான். 29 மாநிலங்களில் 29,115 சுகாதார நிலையங்களில் 7,56,750 கருவிகள் கண்டறியப்பட்டன. அவற்றின் பெறுமதி ஏறத்தாழ 4,564 கோடி இந்திய ரூபாய். மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டு, அவற்றில் 13 முதல் 34 வீதம் வரை வேலை செய்யவில்லை. எண்ணும்வரை இந்த உண்மை எவர் கையிலும் ஒரே தாளில் இருந்ததில்லை.

அடுத்து வந்ததுதான் பாடம். ஒவ்வொரு கருவிக்கும் ஓர் அடையாள எண்ணைக் கொடுத்து, பழுதைச் சொல்ல ஒரு கட்டணமில்லாத் தொலைபேசி இலக்கத்தை ஏற்படுத்தினார்கள். பழுதைத் திருத்தும் ஒப்பந்தக்காரருக்கு ஒரு நிபந்தனை வைத்தார்கள். மாவட்ட வைத்தியசாலையில் கருவிகள் 95 வீத நேரமும், சமூக சுகாதார நிலையத்தில் 90 வீத நேரமும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் 80 வீத நேரமும் இயங்க வேண்டும். கருவிக்கு அடையாளம் இல்லாவிட்டால் இந்த நிபந்தனையை அளக்கவே முடியாது. எது எத்தனை நாள் நின்றது என்று எதை வைத்துச் சொல்வது?

ஏழை நாடுகளின் வைத்தியசாலைக் கருவிகளைப் பற்றி பெரியும் மல்கினும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் பரந்தது. 16 நாடுகளில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகளின் பட்டியல்களைப் பார்த்ததில் ஏறத்தாழ 38 வீதம் பாவனையில் இல்லை. காரணங்களாக அவர்கள் சுட்டியவை பயிற்சிக் குறைவு, முகாமைக் குறைவு, மின்சாரம் முதலான உட்கட்டமைப்புக் குறைவு. கருவி போதாமை அந்த வரிசையில் முன்னால் இல்லை. நன்கொடையில் கட்டியெழுப்பப்பட்ட வன்னிக்கு இந்த ஆய்வு நேரடியாகப் பொருந்தும். நெதர்லாந்தின் உதவியோடு கிளிநொச்சி, மாங்குளம், வவுனியா, பருத்தித்துறை வைத்தியசாலைகளில் கட்டப்பட்ட பிரிவுகளுக்குப் புதிய, விலையுயர்ந்த இயந்திரங்கள் வந்திருக்கின்றன. கிளிநொச்சியின் மகளிர் சுகாதாரப் பிரிவும் மாங்குளத்தின் புனர்வாழ்வுப் பிரிவும் 2024 மே மாதம் திறந்துவைக்கப்பட்டன. அந்த இயந்திரங்கள் புதியனவாக இருக்கிற இந்த ஆண்டுகளில்தான் அவற்றின் வரலாற்றை எழுதத் தொடங்க வேண்டும். பழுதான பிறகு தொடங்கினால், எப்போது எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்று நினைவிலிருந்து எழுத வேண்டிவரும்.

வன்னி மக்களுக்கும் உத்தியோகத்தர்களுக்கும் இந்தத் தொழில்நுட்பம் கடினம் என்று யாராவது சொன்னால், அவருக்கு 2022ஐ நினைவூட்டினால் போதும். எரிபொருள் வரிசைகள் கிலோமீற்றர்க் கணக்கில் நீண்ட அந்த ஆண்டு ஜூலையில் தேசிய எரிபொருள் அனுமதி அட்டை வந்தது. சில வாரங்களுக்குள் மோட்டார் சைக்கிளில் மீன்பெட்டி கட்டிப்போகும் வியாபாரியிலிருந்து முச்சக்கரவண்டிக்காரர் வரை எல்லோர் தொலைபேசியிலும் கியூ.ஆர். குறியீடு இருந்தது. தொலைபேசி இல்லாதவர் அதைத் தாளில் அச்சிட்டு மடித்துப் பையில் வைத்திருந்தார். எரிபொருள் நிலையத்தில் நின்ற இளைஞர் ஸ்கான் செய்தார், வாரத்துக்குரிய மீதி லீற்றர் திரையில் வந்தது. பின்னர் மின்பிறப்பாக்கி, புல்வெட்டி போன்ற வாகனமல்லாத இயந்திரங்களையும் பதிய வழி செய்யப்பட்டது. 2023 செப்டெம்பரில் அந்த முறை நிறுத்தப்பட்டது. மக்களுக்குக் கிடைத்த பழக்கம் நிற்கவில்லை.

கிளிநொச்சியில் எம்.ஏ.எஸ். நிறுவனத்தின் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வவுனியாவின் ஒமேகா லைனிலும் வேலை செய்யும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஆடைத் தொழிலில் துணிக்கட்டு ஒன்று எந்த மேசையில் எந்த நிலையில் இருக்கிறது என்று எண் வைத்துப் பின்தொடர்வது அன்றாட வேலை. முகமாலையில் நிலக்கண்ணி அகற்றும் பணியாளர்கள், பலர் பெண்கள், ஒவ்வொரு காலையும் தங்கள் உலோகம் கண்டறியும் கருவியைச் சோதித்துப் பார்க்காமல் தடத்துக்குள் இறங்குவதில்லை. கருவியின் நிலை உயிரோடு தொடர்புடையது என்ற ஒழுங்கு இந்த மண்ணில் ஏற்கனவே இருக்கிறது. அந்த வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பாடசாலைக்கும் பிறக்கும் வைத்தியசாலைக்கும் அதே ஒழுங்கு வரவேண்டும் என்று கேட்பது பேராசை இல்லை.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. இதில் தவறினால் முழு முயற்சியும் வீணாகும் என்பதற்கு அமெரிக்க ரயில்வே சாட்சி. 1967இல் அங்கே சரக்குப் பெட்டிகளுக்கெல்லாம் வண்ணப் பட்டைக் குறியீடு ஒட்டத் தொடங்கினார்கள். பாதையோரக் கருவி ஓடும் ரயிலைப் பார்த்து எண்ணை வாசிக்கும் என்பது திட்டம். தூசும் அழுக்கும் படிந்தன, பட்டைகளைத் துடைத்துப் பராமரிக்க ஆளில்லை, வாசிக்க முடியாத பெட்டிகள் பெருகின. 1977 அளவில் கைவிட்டார்கள். மாசி பங்குனியில் புழுதி பறக்கும், கார்த்திகை மார்கழியில் வெள்ளம் ஏறும் வன்னிக்கு இது முன்கூட்டியே கிடைத்த எச்சரிக்கை.

கடையில் தரும் பில் சில மாதங்களில் வெளிறிப்போவதை எல்லோரும் கண்டிருக்கிறார்கள். அது வெப்பத்தால் கறுக்கும் தாள். அதே வகைத் தாளில் அச்சிட்ட லேபிளை உழவு இயந்திரத்தில் ஒட்டினால் ஒரு சோளகத்துக்கு மேல் தாங்காது. பொலியெஸ்டர் லேபிளில் நாடா மை கொண்டு அச்சிட வேண்டும். வெயிலிலும் எண்ணெயிலும் கிடக்கும் இயந்திரங்களுக்கு எண் பொறித்த அலுமினியத் தகடு நல்லது. உயர் வெப்பத்தில் தொற்றுநீக்கப்படும் சத்திரசிகிச்சைக் கருவிகளில் லேபிள் ஒட்டவே கூடாது. அவற்றின் உலோகத்தில் லேசரால் பொறிக்க வேண்டும். கியூ.ஆர். குறியீட்டுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. உயர்ந்த பிழைதிருத்த நிலையில் அச்சிட்டால் ஏறத்தாழ 30 வீதம் சேதமடைந்தாலும் வாசிக்கலாம். வெளியே நிற்கும் கருவிகளுக்கு அதுவே பொருத்தம். எந்தக் குறியீடாக இருந்தாலும் அதன் கீழே மனிதர் வாசிக்கும்படி எண்ணும், பழுதைச் சொல்ல வேண்டிய தொலைபேசி இலக்கமும் பெரிதாக இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் லேபிள் ஒட்டப் புறப்படுவது தோல்விக்கான வழி. பிளாஸ்டிக் கதிரைக்குத் தேவையில்லை. திருத்தினால் பயன் தரக்கூடியது, நின்றுபோனால் சேவை தடைப்படக்கூடியது, இடம் மாறக்கூடியது ஆகியவற்றில் தொடங்கினால் போதும். வைத்தியசாலையின் ஈ.சி.ஜி. இயந்திரம், ஒட்சிசன் செறிவாக்கி, தடுப்பூசிக் குளிர்ப்பெட்டி. பிரதேச சபையின் தண்ணீர் பவுசர், குப்பை ஏற்றும் உழவு இயந்திரம், பெக்கோ. கமநல சேவை நிலையத்தின் நீர் இறைக்கும் இயந்திரம். பாடசாலையின் கணினியும் புரொஜெக்டரும். அறிவியல்நகரிலுள்ள இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவகம் போன்ற இடங்களின் பட்டறைக் கருவிகள். யாரிடம் எது இருக்கிறது என்பதே அங்கு பாடத்தின் ஒரு பகுதி.

பணம் இதற்கு ஒரு தடை இல்லை. உள்ளக எண் முறைக்கு வெளியே எவரிடமும் கட்டணம் செலுத்திப் பதிய வேண்டியதில்லை. கைத்தொலைபேசியே ஸ்கானர். ஸ்னைப்-ஐடி போன்ற திறந்த மூல மென்பொருட்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மனிதாபிமான நிறுவனங்கள் கணக்கெடுப்புக்குப் பயன்படுத்தும் கோபோ படிவத்தில் பார்கோட் ஸ்கான் செய்யும் வசதி இருக்கிறது. சிக்னல் கிடைக்காத இடத்தில் நிரப்பி, கிடைத்த இடத்தில் அனுப்பலாம். மாந்தை கிழக்கின் உட்கிராமங்களுக்கு இது முக்கியம். தொடக்கத்தில் ஒழுங்காகப் பேணப்படும் ஓர் எக்செல் தாளே போதும் என்பதுதான் உண்மை. விலையுயர்ந்த மென்பொருளை வாங்கிவிட்டு எண்களை நிரப்பாமல் விடுவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். இன்னொரு நன்மையும் உண்டு. 2018 டிசெம்பரில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் வெள்ளம் மூடியது போல இன்னொரு முறை மூடினால், பதிவேடு நனைந்தாலும் அதன் பிரதி வேறோர் இடத்தில் உலர்ந்திருக்கும். ஒருமுறை எல்லாக் கணக்குகளையும் இழந்த மண்ணுக்கு இதன் பெறுமதியை விளக்க வேண்டியதில்லை.

எதிர்ப்புகள் வரும். முகாமைத்துவ உதவியாளர்கள் தங்களுக்கு ஏற்கனவே வேலை நிறைந்திருக்கிறது என்பார்கள். அது உண்மையும்கூட. பழைய பதிவேட்டையும் வைத்துக்கொண்டு புதியதையும் நிரப்பச் சொன்னால் இரண்டும் அரைகுறையாகும். ஓராண்டு இரண்டும் ஒன்றாக ஓடட்டும், அடுத்த ஆண்டு கணக்கெடுப்புக் குழு ஸ்கான் செய்த பட்டியலை ஏற்றுக்கொள்ளட்டும் என்று மாகாண நிர்வாகம் எழுத்தில் சொல்ல வேண்டும். முதல்முறை எண்ணும்போது, ஏற்கனவே பழுதாகவும் காணாமலும் இருப்பவற்றை விசாரணைப் பயமின்றிப் பதிய ஒரு கால அவகாசமும் தர வேண்டும். அது இல்லாமல் தொடங்கினால் பழைய பொய்கள் புதிய கணினிக்குள் ஏறிவிடும்.

இன்னோர் அச்சம் ஆழமானது, அதை மதிக்க வேண்டும். போர் முடிந்த பின் வன்னி மக்கள் பதியப்பட்ட அளவுக்கு நாட்டில் வேறெவரும் பதியப்பட்டதில்லை. முகாமில் பதிவு, வீட்டில் பதிவு, குடும்பப் படம். யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் படையினர் நடத்திய வீட்டுப் பதிவுக்கு எதிராகத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் 2011இல் உயர் நீதிமன்றம் சென்றார்கள். பதிவு நிறுத்தப்படும் என்று சட்டமா அதிபர் தரப்பு நீதிமன்றில் உறுதியளித்தது. அந்த நினைவு உள்ளவர்கள் எந்த ஸ்கானரையும் சந்தேகத்தோடு பார்ப்பது இயல்பு. ஆகவே எல்லை தெளிவாக வகுக்கப்பட வேண்டும். இங்கு பின்தொடரப்படுவது இயந்திரம். அதைத் தொட்ட ஊழியர் எத்தனை மணிக்கு எங்கே நின்றார் என்று அளக்கும் வேலைக்கு இந்தத் தரவு ஒருபோதும் போகக்கூடாது. பட்டியலில் பொறுப்பான பதவியின் பெயர் இருந்தால் போதும்.

தொடங்குவதற்கு யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. வடமாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, அதன் பிறகு தேர்தல் நடக்கவில்லை. ஆனால் 2025 மே மாதத் தேர்தலில் தெரிவான உள்ளூராட்சி சபைகள் இருக்கின்றன. கரைச்சி, பூநகரி, பச்சிலைப்பள்ளி, புதுக்குடியிருப்பு, கரைதுறைப்பற்று, துணுக்காய், மாந்தை கிழக்கு, வவுனியா வடக்கு, வவுனியா நகரம் என்று ஒவ்வொரு சபைக்கும் சொந்த வாகனங்களும் இயந்திரங்களும் சொந்தப் பாதீடும் உண்டு. ஒரு சபை தன் பாதீட்டில் ஒரு லேபிள் அச்சியந்திரத்துக்கும் சில சுருள் லேபிளுக்கும் இடம் ஒதுக்கி, தன் எல்லா இயந்திரங்களையும் எண்ணி, அந்தப் பட்டியலை அலுவலகச் சுவரில் மக்கள் பார்க்க ஒட்டினால், மற்ற சபைகளும் செய்தேயாக வேண்டிய நிலை வரும்.

மக்களுக்கும் இதில் ஒரு வேலை உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தக் குடிமகனும் தன் பிரதேச சபையிடமோ வைத்தியசாலையிடமோ கடைசியாக நடந்த பொருட் கணக்கெடுப்பின் அறிக்கையைக் கேட்கலாம். பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் கேட்கட்டும். வெளிநாட்டிலிருந்து உதவும் ஊர்ச் சங்கங்கள், அடுத்த கருவியை அனுப்பும் முன் ஒரு நிபந்தனை வைக்கட்டும்: எங்கள் பெயரை எழுதாவிட்டாலும் பரவாயில்லை, அதற்கு ஓர் எண்ணைக் கொடுங்கள், ஆண்டுக்கு ஒருமுறை அது வேலை செய்கிறதா என்று மட்டும் எழுதி அனுப்புங்கள்.